சிரிப்புப் படமும் சங்குப் பலகையும்

12 பிப்ரவரி 1946, செவ்வாய், தூத்துக்குடி

வாடைக்காற்று. கடல் கலங்கல். சங்கு குளிக்கப் போன வள்ளங்களில் பாதி காலையிலேயே திரும்பிவிட்டன. ஆகவே சர்க்கார் சங்கு குடோனில் அரை நாள் லீவு கேட்டதற்கு யாரும் முகம் சுளிக்கவில்லை.

கொழும்புக் கப்பல் வழக்கம்போல ஆழத்தில் நின்றுகொண்டது. ஆட்கள் லாஞ்சுப் படகில் கரைக்கு வந்து சேர ஒன்பதரை. நான் ஏழு மணியிலிருந்தே துறைமுகப் பாலத்தில். சீக்கிரம் போய் நிற்பது என் வியாதி.

வந்து சேர்ந்தவை:
தகரப் பெட்டி, 1
குடை, கைப்பிடி உடைந்தது, 1
ரஞ்சிதம், வயது எட்டு, 1

என் தங்கை பாக்கியத்தின் மகள். துணைக்கு வந்த வியாபாரி, கையெழுத்து வாங்காத குறையாக ஒப்படைத்தார். "ஒரு தொந்தரவும் இல்ல அண்ணாச்சி. வழி பூரா ஒரு சொல்லு பேசல பாத்துக்கிடுங்க." பாராட்டாகத்தான் சொன்னார்.

மாப்பிள்ளை இராசையாவின் கடிதம், மறுபடி படித்தது: கடையைக் கண்டிக்கு மாற்றுகிறார். வீடு பார்க்கும் வரை பதினைந்து நாள் பிள்ளை என்னிடம். அவரே வந்து கூட்டிப்போவார். 'அவள் அம்மா போனதிலிருந்து பேச்சு குறைந்துவிட்டது மச்சான். சிரித்துப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல். அடிக்க வேண்டாம்.'

அடிக்க வேண்டாமாம். முப்பத்தெட்டு வயதில் நான் அடித்த ஒரே உயிர் கொசு.

பாக்கியம் போய் ஒன்றரை வருஷம். யுத்த காலம். செய்தி வந்து சேரவே ஒரு மாதம். நான் போகவில்லை. போக முடியவில்லை என்று எழுதுவதுதான் சரி. ஆனாலும் போகவில்லை.

ர. மதியம் இரண்டு வாய் சாப்பிட்டாள். கேட்டதற்கெல்லாம் தலையாட்டல். நிமிர்ந்து பார்த்தது ஒரே ஒரு முறை, அதுவும் என் மீசையை.


13 பிப்., புதன்

தலை பின்னல் என்று ஒன்று இருப்பதை யோசிக்கவே இல்லை. பிள்ளை சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறது. எனக்குத் தெரிந்தது சங்கு மூட்டை கட்டும் முடிச்சு மட்டும். ரிப்பனையும் தேடிக் கிடைக்காமல், சணல் கயிற்றால் இரண்டு பக்கமும் கட்டினேன். உறுதியாகத்தான் இருந்தது.

அடுத்த வீட்டு லூர்து அக்கா வாசலில் வலை முடைந்துகொண்டிருந்தார். பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏன் தம்பி, பிள்ளைய எங்கயும் பார்சல் அனுப்பப் போறியளா?"

கயிற்றைக் கத்தியால் அறுத்து எடுத்தார். அவர் வீட்டுக்காரர் முத்தும் சங்கும் குளித்தவர். மூச்சை அடக்கிப் பழகியவர் பேச்சையும் சேர்த்து அடக்கிவிட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து அக்காவே பேசுகிறார். இனிமேல் காலையில் தலை பின்னிவிடுவது அவர் பொறுப்பு.

வாங்க வேண்டியது: ரிப்பன், ஈர்கொல்லி, சின்னத் தட்டு. சீனி ரேஷனில் இந்த வாரம் கிடையாது. பிள்ளைக்குக் கருப்பட்டிக் காப்பி பிடிக்குமா? கேட்டேன். தலையாட்டல். ஆமாவா இல்லையா தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே ஆட்டல்.

இன்னும் பதின்மூன்று நாள்.


14 பிப்., வியாழன்

லூ. அக்கா மீன் சந்தைக்குப் போய்விட்டார். ர.வைக் குடோனுக்குக் கூட்டிப்போனேன். ஓரமாக உட்கார் என்றேன். உட்காரவில்லை. என் மேசைப் பக்கத்திலேயே நின்றாள், காலை முழுக்க.

என் வேலை பார்ப்பவர்களுக்கு வேடிக்கைதான். பலகையில் வட்டமாக ஒரு ஓட்டை. குளியாள் கொண்டுவரும் சங்கை அதில் நுழைத்துப் பார்க்க வேண்டும். மாட்டிக்கொண்டு நின்றால் எடுத்துக்கொள்ளலாம். நழுவி அந்தப் பக்கம் விழுந்தால் சிறிசு. சிறிசுகளைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவைத்து, உயிரோடு திரும்பக் கடலில் விடவேண்டும். பன்னிரண்டு வருஷமாக இதே ஓட்டை, இதே நான். ஒரு நூல் தப்பியதில்லை.

மாலை மூடும் நேரம் திரும்பிப் பார்க்கிறேன், ர. என் பலகையை எடுத்து அதில் தன் கையை நுழைத்துக்கொண்டிருக்கிறாள். முட்டியை மடக்கி. வழுக்கிக்கொண்டு முழங்கை வரை போய்விட்டது. எடுத்தாள். மறுபடி நுழைத்தாள். முகம் என்னவோ போல் ஆகிவிட்டது.

பிள்ளையை அடித்துவிட்டேனா என்று கேட்பதுபோல், எண்ணிக்கை பார்க்கும் கணபதி என்னைப் பார்த்தான்.


16 பிப்., சனி

பல்வலி. கிராம்பு வைத்தும் கேட்கவில்லை.

குடோனில் கணபதி கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டே வந்தான். "அண்ணாச்சி, டாக்கீஸ்ல உங்க கதைதாம் ஓடுது. கல்யாணமாவாத மாமன் ஒருத்தன் வீட்டுல மருமவ வந்து இறங்குதா. அவன் படுத பாடு இருக்கே! வயித்து வலியே வந்துட்டு எனக்கு."

என் கதை எதற்கு ஓடவேண்டும்? நான் சினிமா பார்ப்பதில்லை. கடைசியாகப் பார்த்ததில் சாமி வேஷம் போட்டவர் கையில் கடிகாரம் கட்டியிருந்தார். எழுந்து வந்துவிட்டேன்.

"பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க. சிரிக்காத பிள்ளையும் சிரிச்சிரும்" என்றான்.

அந்தச் சொல்தான் மனதில் நின்றுவிட்டது. வந்து ஐந்து நாளாகிறது. இன்னும் ஒரு வார்த்தை இல்லை. பாக்கியத்தின் பிள்ளை பேசாமல் வந்து பேசாமல் திரும்பிப் போவதா? போனவளுக்கு நான் செய்தது ஒன்றுமில்லை. இதையாவது செய்யவேண்டும். ஒரே ஒரு தரம் சிரிக்க வைத்து அனுப்பினால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.


17 பிப்., ஞாயிறு

எழுத நிறைய. சந்தோஷமா வெட்கமா தெரியவில்லை.

பகல் காட்சிக்குப் போனோம். டாக்கீஸில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் இடுப்பளவு சுவர், அதன் மேல் படுதா. வாசலும் தனித்தனி. 'பெண்கள்' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. சட்டம் சட்டம்தானே. டிக்கட்டை ர. கையில் கொடுத்து அந்த வாசல் வழியாக அனுப்பிவிட்டு, நான் என் வாசல் வழியாகப் போய் உட்கார்ந்தேன்.

விளக்கு அணைந்த பிறகுதான் உறைத்தது. சின்னப் பெண் குழந்தைகள் எல்லாம் அப்பன்மார் மடியில், என்னைச் சுற்றி. என் ஒருத்தனின் பிள்ளைதான் அந்தப் பக்கம் தனியாக.

என்ன மடத்தனம். எழுந்து போகலாமென்றால் வரிசை முழுக்க முழங்கால்கள்.

படம்: வக்கீல் குமாஸ்தா ஒருவர், தனிக்கட்டை. அக்கா மகள் வந்து சேருகிறாள். இவர் சோறு வைக்கிறார், அது பொங்கிப் பொங்கி வாசல் தாண்டித் தெருவுக்கு வருகிறது. இவர் தலை பின்னுகிறார், ஜன்னல் கம்பியையும் சேர்த்துப் பின்னிவிடுகிறார். (கணபதிக்கு சணல் கயிறு விஷயம் யார் சொன்னது?) அப்புறம் மனுஷர் தூங்கும்போது அந்தக் குட்டி கத்தரிக்கோலை எடுத்து மீசையில் ஒரு பாதியை நறுக்கிவிடுகிறது. அது தெரியாமல் அவர் சட்டை மாட்டிக்கொண்டு பெண் பார்க்கப் போகிறார். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பெண் வீட்டார் எல்லோரும் வாயைப் பிளக்க, இவர் தன் அழகைத்தான் பார்க்கிறார்கள் என்று மீதி மீசையை முறுக்குகிறார்.

கொட்டகை அதிர்ந்தது. நானும் சிரித்தேன். பல்வலி மறந்தது.

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு ஒரு சிரிப்பு மட்டும் நிற்கவில்லை. படுதாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. கிளம்பி, ஏறி, மூச்சு முட்டி, கடைசியில் ஒரு விக்கலில் முடிந்தது. விக்கலுக்கு அப்புறம் மறுபடி தொடங்கியது.

"பாக்கியம்!" என்று எழுந்துவிட்டேன்.

அவள்தான் அப்படிச் சிரிப்பாள். சிரித்தால் விக்கும், விக்கினால் சிரிப்பாள். அம்மா கையில் தண்ணீர்ச் செம்போடு நிற்பாள். "உக்காருங்க அண்ணாச்சி, மறைக்குது" என்று பின்னாலிருந்து இழுத்தார்கள். பாக்கியம் இல்லை என்பதே அப்போதுதான் மறுபடி ஞாபகம் வந்தது. அப்படியானால் யார்? ர.வாக இருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளையின் சிரிப்பை நான் கேட்டதே இல்லையே, எப்படி அடையாளம் சொல்வது?

இடைவேளை விட்டதும் சுவர் ஓரத்து பெஞ்சில் ஏறி, படுதாவை விலக்கி எட்டிப் பார்த்தேன்.

"ஏ, யாருலே அது? பொம்பளையாளு பக்கம் எட்டிப் பாக்குதது?"

"மீசையப் பாரு! வெக்கமா இல்ல?"

"ஏளா, அந்தச் செருப்ப எடு."

பன்னிரண்டு வருஷ அரசாங்க உத்தியோகம், ஒரு நிமிஷத்தில் மானம் கப்பலேற இருந்தது. அப்போது பெண்கள் நடுவிலிருந்து ஒரு குரல். சின்னக் குரல், ஆனால் அழுத்தம்.

"அது என்ட மாமா."

ர. எழுந்து நின்றாள். விக்கிக்கொண்டே மறுபடி சொன்னாள். "ஏச வேணாம். அது என்ட மாமா. என்னைத்தான் தேடுறார்."

செருப்பு எடுத்த அம்மாளே அவளைத் தூக்கிப் படுதா வழியாக என்னிடம் இறக்கினாள். "பச்சப் பிள்ளைய இங்கன தனியா அனுப்புன புத்திசாலி நீங்கதானா?" மீதிப் படத்தை ர. என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். மக்ரூன் ஒரு பொட்டலம் வாங்கினோம். அவள் தின்றது ஒன்பது, நான் இரண்டு.

படத்தின் முடிவு எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ர. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.


18 பிப்., திங்கள்

பேசுகிறாள். ஊற்று திறந்த மாதிரி இல்லை, சொட்டுச் சொட்டாக. ஆமா என்பதற்கு 'ஓம்' என்கிறாள், கொழும்புப் பழக்கம். லூ. அக்காவுக்கு அது ஒரே கொண்டாட்டம். "சாப்பிடுதியாளா? ஓம். மீன் வேணுமாளா? ஓம். மடத்துச் சாமியார்கூட இத்தன ஓம் சொல்லிருக்கமாட்டாரு!"

குடோனில் மத்தியானம் என்னிடம் கேட்டாள்.

"சிறிசெல்லாம் ஏன் திருப்பிக் கடல்ல போடுறீங்க?"

"அளவு காணாதுல்ல, அதான்."

"அது பாவமில்லையா? கரைக்கு வந்துட்டு, வேணாம்னு அனுப்புனா?"

அப்போதுதான் புரிந்தது, அன்று அந்தக் கையைப் பலகையில் விட்டுப் பார்த்தது எதற்கென்று. அம்மா இல்லாத பிள்ளை. அப்பா கப்பலேற்றி அனுப்பிவிட்டார். மாமன் தொழிலோ சிறிசைத் திருப்பி அனுப்புவது.

பேசத் தெரிந்தவன் நல்லதாக ஏதாவது சொல்லியிருப்பான். நான் சட்டத்தைத்தான் சொன்னேன். "வேணாம்னு அனுப்புறதில்ல தாயீ. இங்கன வச்சா செத்துப்போகும். அங்கன அதோட ஆளுவ இருக்கு, இரை இருக்கு. வளந்து அளவு வந்ததும் தானா இதே கைக்கு வரும்."

"இதே கைக்கா?"

"இந்த மேசையில வேற யாரு இருக்கா?"

தொட்டியிலிருந்த சிறிசுகளை ஒவ்வொன்றாக எடுத்து, "போயிட்டு வா" என்று சொல்லிச் சொல்லிக் கூடையில் வைத்தாள். கணபதிக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது. திரும்ப எண்ணினான்.


20 பிப்., புதன்

இன்று நான் செய்ததை யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். ஞாயிறுக்குப் பிறகு ர. பேசுகிறாளே தவிர அந்தச் சிரிப்பு திரும்பவில்லை. எனக்கு அதை இன்னொரு தரம் கேட்கவேண்டும். கேட்டே ஆகவேண்டும் என்று ஒரு வெறி.

கத்தரிக்கோலை எடுத்து, அவள் கண்ணில் படும்படி மேசைமேல் வைத்தேன். பாயைப் போட்டுப் படுத்து, தூங்குவதுபோல் குறட்டையும் விட்டேன். இருபது வயதில் வைத்த மீசை. வாரம் தவறாமல் ஒதுக்கி, எண்ணெய் தடவி வளர்த்தது. குடோனில் எனக்கு மரியாதை பாதி அதனால்தான். போனால் போகட்டும்.

காலடிச் சத்தம். மேசைப் பக்கம் போனாள். கத்தரிக்கோல் உரசும் ஓசை. மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அலமாரி திறந்து மூடியது. பிறகு என் காதோரம், லூ. அக்காவிடம் பழகிக்கொண்ட அதே கண்டிப்பில், "தூங்கிற இடத்துல கத்திரிய வைப்பாங்களா? கண்ணுல குத்தும்" என்றாள். துண்டை எடுத்து என் காலில் போர்த்திவிட்டாள். உச்சி வெயிலில்.

கண்ணைத் திறக்க முடியவில்லை. அப்படியே கிடந்தேன். குடோனுக்குப் போக அரை மணி தாமதம், பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை.


21 பிப்., வியாழன்

மண்ணெண்ணெய் கிடைத்தது, கால் போத்தல். ர.வுக்கு மஞ்சள் ரிப்பன். பல்லைப் பிடுங்கியாயிற்று.

கண்டியிலிருந்து தந்தி. மாப்பிள்ளை திங்கட்கிழமை வருகிறார். செவ்வாய் மாலைக் கப்பலில் கூட்டிப்போகிறார்.

தந்தியை ர.விடம் படித்துக் காட்டினேன். "ஓம்" என்றாள். அப்பாவுக்குக் கருவாடு பிடிக்கும் என்றும் சொன்னாள்.

நான் அவளை எதிர்பார்த்ததே கிடையாது. எண்ணிக்கொண்டிருந்ததுகூடப் போகும் நாளைத்தான். இன்று அதே எண்ணிக்கையை இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன். ஐந்து நாள்.


23 பிப்., சனி

மாப்பிள்ளைக்குக் கொடுக்க ஒரு கடிதம் எழுதினேன். நேரில் கேட்டால் வாய் வராது. 'பிள்ளை இங்கேயே இருக்கட்டும். நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது. லூர்து அக்கா துணை இருக்கிறார். உங்களுக்கும் கடை வேலை. பாக்கியத்துக்கு நான் செய்யாததை இவளுக்காவது செய்கிறேன்.' மூன்று தரம் அடித்துத் திருத்தி, நல்ல காகிதத்தில் எழுதி, சட்டைப்பையில் வைத்தேன்.

லூ. அக்காவிடம் மட்டும் காட்டினேன். அவருக்கு எழுத்து வாசிக்க வராது, நானே படித்தேன். வலை ஊசி நிற்கவில்லை.

"நல்லாத்தாம் எழுதிருக்கிய. பிள்ளகிட்டக் கேட்டியளா?"


24 பிப்., ஞாயிறு

அதே படத்துக்கு இரண்டாம் தடவை. இந்த முறை ஆண்கள் வாசல் வழியாக, இரண்டு பேருமாக. போன வாரம் செருப்பு எடுத்த அம்மாள் வெளியே எங்களைப் பார்த்து, "மாமாவ பத்திரமாப் பிடிச்சிக்கோளா" என்றாள்.

மீசை இடம் வந்தபோது ர. சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தாள். கத்தரிக்கோல் ஞாபகமோ என்னவோ.

இன்றுதான் முடிவை ஒழுங்காகப் பார்த்தேன். கடைசியில் உறவுக்காரர்கள் பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறார்கள். வண்டி கிளம்புகிறது. பிள்ளை குதித்து இறங்கி, "மாமா!" என்று ஓடிவந்து கட்டிக்கொள்கிறது. கொட்டகை முழுக்கக் கைதட்டல். நான் எல்லோரையும்விட ஓங்கித் தட்டினேன். சட்டைப்பையில் கடிதம் சரசரத்தது.

திரும்பும் வழியில் கேட்டேவிடுவது என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"மாமா, அந்தப் பிள்ளைக்கு அப்பா இல்லையா?"

"படத்துல காட்டல. இல்ல போலுக்கு."

"அதான் மாமாகிட்ட ஓடுது." வழியில் கிடந்த சிப்பியை எத்திக்கொண்டே நடந்தாள். "எனக்கு அப்பா இருக்கிறார். பாவம், அவருக்கு சோறாக்கத் தெரியாது. ராத்திரியில அம்மாட சீலைய முகத்துல போட்டுக்கிட்டுப் படுப்பார். நான் தூங்கிட்டன்னு நினைப்பார்."

காற்று வேறு. கண்ணில் மண் விழுந்தது என்று நின்றேன். அவள் என் துண்டைச் சுருட்டி ஊதி, கண்ணில் ஒற்றிவிட்டாள்.

கடிதத்தை வீட்டுக்கு வந்து கிழித்தேன். இரண்டாக, பிறகு நான்காக.


25 பிப்., திங்கள்

காலை லாஞ்சில் மாப்பிள்ளை. ஆள் பாதியாகிவிட்டார். காலர் தொளதொள. நாங்கள் கடைசியாகப் பார்த்தது அவர் கல்யாணத்தில்.

பாலத்தில் ர. ஓடிப்போய், "அப்பா, இங்க ஒரு டாக்கீஸ் இருக்கு, எல்லாரும் மாமாவ அடிக்க வந்தாங்க, நான்தான் காப்பாத்தினன்" என்று மூச்சுவிடாமல் சொன்னாள். மனுஷர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்துகொண்டார். போர்ட்டர் வந்து எழுப்பினான்.

சாப்பாடு: கருவாட்டுக் குழம்பு, லூ. அக்கா உபயம். மாப்பிள்ளை கொண்டுவந்தவை: பிஸ்கட் டின் ஒன்று, சோப்பு இரண்டு, எனக்கு ஒரு கம்பளி பனியன். தூத்துக்குடிக்குக் கம்பளி!

மத்தியானம் ர. அவர் வேட்டி நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்கினாள். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார், கால் மரத்துப்போகும் என்று தெரிந்தும். அப்போதுதான் மெதுவாக ஆரம்பித்தார்.

"மச்சான், ஒண்ணு சொல்லுவேன், தப்பா நெனைக்கக் கூடாது. ஒன்றர வருசமா என்கிட்டப் பேசாத பிள்ள உங்ககிட்டப் பேசிருக்கா. நான் வளக்கத் தெரியாதவன். இங்கனயே இருக்கட்டுமா? நீங்க சரின்னா விட்டுட்டுப் போறேன்."

நான் கேட்காமலே வந்துவிட்டது. கிழித்த கடிதம் முழுக்கவும் அவர் வாயில்.

சரி என்று ஒரு சொல். அவ்வளவுதான் சொல்லவேண்டியது. நாக்கு நுனியில் நின்றது. அவர் வேட்டி நுனியைப் பார்த்தேன். பிள்ளை தூக்கத்திலும் விடவில்லை. இரண்டு சுற்றுச் சுற்றி, மூட்டை முடிச்சுப் போட்டதுபோல் பிடித்திருந்தாள்.

"இல்ல மாப்பிள்ள. சிறிச இங்கன வச்சிக்கிட வழக்கமில்ல" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ. கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன், ரொம்ப நேரம்.

சோறு வைப்பது எப்படி என்று சாயங்காலம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு உழக்கு அரிசி, இரண்டு உழக்கு தண்ணீர். எழுதிக்கொண்டார்.


26 பிப்., செவ்வாய்

மேகமில்லை. கடல் தெளிவு. லாஞ்சு மாலை நாலரை.

காலையில் குடோனில் பழைய அளவுப் பலகை ஒன்று, விளிம்பு தேய்ந்து கழித்துப் போட்டது, கேட்டு வாங்கிவந்தேன். ர.விடம் கொடுத்தேன். கையை நுழைத்துப் பார்த்தாள். முழங்கை வரை போயிற்று.

"இன்னும் அளவு காணல" என்றாள், அழாமல். "மாட்டிக்கிட்டு நிக்கிற அன்னைக்கு வாரன்."

"நின்னா உடனே கடுதாசி போடணும். நான் பாலத்துல வந்து நிப்பேன்."

"ஏழு மணிக்கேயா?"

"ஆறு மணிக்கே."

பெட்டியில் உடைக்கு நடுவில் பலகையை வைத்துப் பூட்டினாள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தேன். தூக்கம் எங்கே வரும்? கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். மாப்பிள்ளை கடைவீதிக்குப் போயிருந்தார்.

அலமாரி திறக்கும் சத்தம்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் கண்மேல் ஒரு கை, கவனமாக, மூடினாற்போல். மேலுதட்டில் இரும்பு சில்லென்று பட்டது. கறுக். கறுக். நான் குறட்டையை நிறுத்தவில்லை. நன்றாகவே விட்டேன் என்று நினைக்கிறேன்.

எழுந்து கண்ணாடி பார்க்கவில்லை. முகம் கழுவினால் கை தடவிப் பார்த்துவிடும் என்று முகமும் கழுவவில்லை. சட்டை மாட்டிக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். கடைவீதியிலிருந்து வந்த மாப்பிள்ளை என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, பிள்ளையைப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டார். லூ. அக்கா ஒருத்தர்தான் நேராகக் கேட்டார். "என்ன தம்பி இது, அமாவாசையும் பௌர்ணமியும் சேந்தாப்புல?" ர.வின் தலையைத் தடவி முத்தம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். வெளியே வரவில்லை.

பாலத்தில் எல்லோரும் பார்த்தார்கள். சுங்க ஆள், போர்ட்டர்கள், உப்பு மூட்டைக்காரர்கள். தெரிந்தவர்கள் வணக்கம் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார்கள். நான் நிமிர்ந்தே நடந்தேன். ர. மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பிக்கொண்டு, தரையைப் பார்த்து வந்தாள்.

லாஞ்சில் ஏறினார்கள். கயிற்றை அவிழ்த்தார்கள். படத்தில் பிள்ளை குதித்து ஓடிவந்த இடம் இதுதான். இங்கே யாரும் குதிக்கவில்லை. அப்பா மடியில், மஞ்சள் ரிப்பனோடு, உட்கார்ந்திருந்தாள். அப்படித்தான் இருக்கவேண்டும். லாஞ்சு திரும்பியது. அவள் முகம் கோணுவது தெரிந்தது, இப்போது அழப்போகிறாள்.

நான் பால விளிம்புக்குப் போய், நெஞ்சை நிமிர்த்தி, இருந்த பாதி மீசையை மெதுவாக முறுக்கினேன்.

தண்ணீர்மேல் வந்தது அந்தச் சிரிப்பு. கிளம்பி, ஏறி, மூச்சு முட்டி, விக்கி, மறுபடி தொடங்கி. லாஞ்சு இரைச்சலையும் மீறி. பக்கத்திலிருந்த போர்ட்டர், "யாரு அண்ணாச்சி அது, இப்படிச் சிரிக்குது?" என்றான்.

"என் தங்கச்சி மவ" என்றேன். இந்தத் தடவை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.


27 பிப்., புதன்

வாடை குறைந்திருக்கிறது. அலமாரிக்குள் கத்தரிக்கோலும் அவள் விட்டுப்போன ஒரு ரிப்பனும். குடோனுக்கு நேரமாகிறது. மீதி மீசையை எடுக்கவில்லை. கணபதி கேட்பான், கேட்கட்டும்.